பகல் தூக்கத்துக்கு ஒரு மண்டபம்

எனக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. தூக்கம் கொடுத்தது ஓர் ஊராட்சி. இரண்டில் யாருக்கு அதிகம் நன்றி சொல்வாய் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன், ஊராட்சிக்குத்தான். ஒரகடத்தில் சம்பளம் கொடுக்கக் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. பகல் பத்து மணிக்குப் படுத்துத் தூங்க ஓர் இடம் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

சங்கரன்கோவில் பக்கம் ஓர் ஊரில் பிறந்து, ஐடிஐ முடித்து, வல்லம் வடகாலுக்கு அருகில் ஒரு சிற்றூரில் அறை எடுத்துத் தங்கியவன் நான். அறை எடுத்தேன் என்றால் நான் மட்டும் எடுத்ததில்லை, ஆறு பேர். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால் அவன் பாயில் இன்னொருவன் விழுவான். பாய் ஆறுவதே இல்லை. அறை மொட்டை மாடியில், மேலே தகர ஷீட். வீட்டுக்கார அக்கா கீழே குடும்பத்தோடு இருந்தார். நெல் விளைந்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் கிடைத்த பணத்தில் மாடியில் வரிசையாக அறை போட்டு வாடகைக்கு விட்டவர். அந்த ஊராட்சியில் வார்டு மெம்பரும் அவரே. வாடகை கேட்கும்போது மெம்பர் போலவும், ஊர் விஷயம் பேசும்போது வீட்டுக்காரர் போலவும் பேசுவார். அதாவது எப்போதும் அதட்டல்தான்.

எனக்கு சி ஷிஃப்ட், ராத்திரி வேலை. பிரஸ் மெஷினில் தகடு வைத்து எடுக்க வேண்டும். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி அறைக்கு வந்து படுத்தால், ஒன்பது மணிக்குள் ஷீட் தோசைக்கல்லாகிவிடும். ஃபேன் அனல் காற்றை வாரி இறைக்கும். சாக்கை நனைத்து ஷீட்டின் மேல் போடுவோம். அது அப்பளமாகக் காய்ந்து கிடக்கும். தூங்காத கண்ணோடு மறுபடி ராத்திரி வேலைக்குப் போவேன். ஒருநாள் மெஷின் முன்னால் நின்றபடியே கண் சொக்கிவிட்டது. சென்சார் இருந்ததால் மெஷின் நின்றது, விரல்கள் பிழைத்தன. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "இன்னொரு வாட்டி இப்டி பாத்தேன்னா ஐடி கார்ட கழட்டி வாங்கினு அனுப்பிடுவேன். உன் கை போச்சுன்னா எனக்கு வேலை போய்டும், தெரியுதா?" என்றார். ஊரில் தங்கச்சி அப்போதுதான் நர்ஸிங் சேர்ந்திருந்தாள். அந்த ஐடி கார்டில்தான் அவள் படிப்பும் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை வீட்டுக்கார அக்கா பார்த்தார்.

"இன்னா தம்பி, குடியா?"

"இல்லக்கா. தூக்கம் வரமாட்டேங்கு."

"ஷீட்டுக்குக் கீழ எப்டி வரும்?" என்றார், ஷீட் போட்டவர் யாரோ போல. "கொளத்தாண்ட மண்டபம் கீது பாரு. துண்ட எட்த்துக்கினு அங்க போய்ப் படு. ஒருத்தரும் ஒன்னியும் கேக்க மாட்டாங்க."

போனேன். ஊருக்கு மேற்கே மந்தைவெளி என்று ஒரு பெரிய வெற்றிடம். அதன் ஓரத்தில் குளம், குளத்தங்கரையில் பதினாறு கால் மண்டபம். காஞ்சிபுரத்துக்கு நடந்து போனவர்கள் இளைப்பாற எந்தக் காலத்திலோ கட்டியது என்றார்கள். கூரைக் கல்லின் இடுக்கில் அரசமரம் முளைத்திருந்தது. தூணெல்லாம் சுண்ணாம்பு அப்பி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடந்தது. ஆனால் தரைக் கல்லில் துண்டை விரித்துப் படுத்தால், அடேயப்பா, அந்தக் குளிர்ச்சி முதுகு வழியாக ஏறி நேராகக் கண்ணுக்கு வந்துவிடும். தண்ணீரிலிருந்து காற்று வரும். நான் படுத்தது தெரியும், எழுந்தது தெரியும். நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. எனக்கு முன்பே அங்கே நான்கைந்து பேர் ஆளுக்கொரு தூணைப் பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சி ஷிஃப்ட் ஜாதி.

அதன்பிறகு மெஷின் முன்னால் என் கண் சொக்கவில்லை. சூப்பர்வைசர்கூட ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருஷம் மே தினத்தன்று கிராம சபை. மண்டபத்து நிழலில்தான் கூட்டம். எனக்கு அந்த ஊரில் ஓட்டு கிடையாது, பேசவும் உரிமை இல்லை. விடுமுறையாயிற்றே என்று வழக்கம்போல் தூங்க வந்தவன், ஷாமியானா போட்டதைப் பார்த்துக் குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். என்னோடு எங்கள் அறை வெல்டரும் இருந்தான். அவன் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் லாரிகளின் அடிச்சட்டத்துக்கு, அதாவது சேசிஸுக்கு, வெல்டிங் செய்பவன். தன் வெல்டிங்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் கர்வம் உண்டு.

பிரச்சினை மந்தைவெளியைப் பற்றியது. டிரெய்லர் லாரிகள் நிறுத்த இடம் வேண்டும், வாடகை தருகிறேன் என்று ஒரு யார்டுக்காரர் கேட்டிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அது பிடித்திருந்தது. சும்மா கிடக்கிற இடம்தானே என்றார்கள். தலைவருக்கும் சபலம்தான். இன்னொரு பக்கம், கம்பெனிகள் கட்டும் வரியில் ஊராட்சியின் பொது நிதி கொஞ்சம் சேர்ந்திருந்தது. அதில் குளத்தைத் தூர்வாரி, மண்டபத்தைச் சரிசெய்து, மந்தைவெளியை மந்தைவெளியாகவே வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கார அக்கா எழுதிக் கொடுத்திருந்தார்.

அக்கா எழுந்து நின்று முந்தானையை இடுப்பில் செருகினார். "சும்மா கீதுன்னு சொல்றீங்களே, எங்க சும்மா கீது? காத்தால பசங்க கிரிக்கெட் ஆட்றாங்க. ஆடு மேயுது. நம்ம வூட்டு நெல்லு காஞ்சது இங்கதான். இப்ப நெல்லு இல்ல, சரி. நம்ம பசங்களும் இல்லாமப் பூடுவாங்களா? கழனி போச்சு, ஏரிக்கரை போச்சு. கண்ணுக்கு எட்ன வரைக்கும் காம்பவுண்டு. சுவரு இல்லாத எடம்னு இந்த ஊர்ல இது ஒன்னுதான் மிச்சம். இதுலயும் லாரிய வுட்டுட்டு அப்பறம் நாம மூச்சு வுட எங்க போறது?"

முதலில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார், அப்புறம் பெண்கள் பக்கம் மொத்தமாகத் தூக்கியது. தீர்மானம் நிறைவேறியது. உரிமை இல்லை என்பதை மறந்து நானும் கையைத் தூக்கியிருந்தேன். வெல்டர் அதைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

வேலை தொடங்கியதும் ஒன்றியத்து ஓவர்சியர் அடிக்கடி வந்தார். காண்ட்ராக்டர் தூணுக்கெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பெயிண்ட் அடிக்க ஆசைப்பட்டார். கல்லுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது, கழுவினால் போதும் என்று ஓவர்சியர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மனுஷனுக்கும் என் நன்றி உண்டு. சுண்ணாம்பு கரைய ஒவ்வொரு தூணிலும் ஏதேதோ வெளியே வந்தன. என் தலைமாட்டுத் தூணில் மூன்று மீன்கள் இருந்தன, மூன்றுக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரே பாயை மூன்று ஷிஃப்டுக்குப் பங்கு போட்ட எங்கள் அறையை எவனோ அன்றைக்கே செதுக்கி வைத்திருந்தான். அரசமரத்தை வேரோடு எடுத்து, சுண்ணாம்புக் காரை பூசி, கூரை ஒழுகாமல் செய்தார்கள். எங்களைக் கொஞ்ச நாள் குளத்தங்கரை மரத்தடிக்கு மாறச் சொன்னார்கள். மாறினோம். நம் வீட்டில் கல்யாண வேலை நடப்பது போல இருந்ததால் வெயில்கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை வெல்டர் சிரித்துக்கொண்டே அறைக்கு வந்தான். நாளைக்கு வெளியே ஒரு வேலை கிடைத்திருக்கிறது, கூட ஓர் ஆள் வேண்டும், வருகிறாயா என்றான். கையில் வைத்திருந்த டிராயிங்கை வாங்கிப் பார்த்தேன். பதினாறு கால் மண்டபம். வெளித் தூண்களுக்கு நடுவே சுற்றிலும் இரும்பு கிரில். ஓர் ஓரத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கேட், பூட்டுப் போடக் கொண்டி.

"ஏலே, இது நம்ம மண்டபம்லா?"

"ஆமா. பாதுகாப்புக்காம்."

"அப்ப நாம எங்க படுக்க?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. டிராயிங் கையில் வந்தால் அவன் வெல்டிங்கைத் தவிர வேறு எதையும் யோசிப்பதில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே ஓடினேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முறத்தை வைத்துவிட்டார்.

"எஸ்டிமேட்லயே கிரில் கீது தம்பி. பழைய கட்டடம்னா வேலி போட்டுத்தான் ஆவணுமாம். நானும் அப்ப கவனிக்கல. இப்ப மாத்தணும்னு போனா எல்லாத்தையும் மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. அதுக்குள்ள அந்தப் பணம் வேற எதுக்கனா பூடும். யார்டுக்காரன் இன்னும் வாசல்லியேதான் நிக்கறான்." முறத்தை மறுபடி கையில் எடுத்து, "உங்களுக்குன்னு ஒன்னு பண்ணலாம்னு பாக்கறேன். ஆனா இப்ப என்னால முடியாது" என்றார். கூடத்தில் படுக்கச் சொல்லியிருப்பார். அங்கே மருமகள் பச்சைக் குழந்தையோடு இருந்தாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும் என்பார்கள். இங்கே ஊரே வரம் கொடுத்தும் எஸ்டிமேட் கொடுக்கவில்லை. நாங்கள் போகாவிட்டால் வேறு யாரோ போய் வெல்டிங் வைக்கப்போகிறார்கள். அதனால் நாங்களே போனோம். நான் கம்பியைப் பிடித்தேன், அவன் பற்றவைத்தான். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, எங்களுக்கு அதற்குக் கூலியும் கிடைத்தது. அவன் வேலையை ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஓர் இணைப்பில்கூட ஊசி நுழைய இடமில்லை. யானை வந்து முட்டினாலும் அசையாது என்று தட்டிக் காட்டினான். சாவி ஊராட்சி அலுவலகத்துக்குப் போனது.

பிறகு கெட்ட காலம். மரத்தடியில் படுத்தால் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும், நானும் தூக்கத்திலேயே அதன் பின்னால் உருளுவேன். ஷீட்டுக்குக் கீழே திரும்பினேன். ராத்திரியில் கண் எரியும். மறுபடி ஒருநாள் மெஷின் முன்னால் தலை சாய்ந்தது. சூப்பர்வைசர் கத்தவில்லை. "அடுத்த மாசக் கடைசி வரிக்கும் பாப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும்.

ஆடி வந்தது. அந்த ஊர் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை, அம்மனைப் பல்லக்கில் வைத்துக் கொண்டுவந்து குளத்தங்கரை மண்டபத்தின் நடுக்கல்லில் இறக்கி, அங்கேதான் படையல். ஒரே ஒரு கட்டாயம், கோயிலில் தூக்கிய அம்மனை மண்டபத்துக் கல்லில்தான் இறக்க வேண்டும், வழியில் மண்ணில் இறக்கவே கூடாது. ஊர்ப் பையன்கள் பாதிப் பேருக்கு அன்றும் ஓ.டி. அதனால் தோள் கொடுப்பது சில வருஷங்களாகவே வாடகைக்கு இருக்கும் நாங்கள்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, வேட்டி கட்டி, முன் தண்டில் நானும் வெல்டரும் நின்றோம். கோயிலுக்கும் மண்டபத்துக்கும் கூப்பிடு தூரம்தான் என்பதால் நடுவில் முட்டுக்கொடுக்கும் ஆயக்கால்களை யாரும் எடுத்து வரவில்லை.

மேளத்தோடு மண்டபத்து முன்னால் வந்து நின்றோம். தலைவர் சாவியைக் கொண்டுவந்து கேட்டைத் திறந்தார். திறந்தவர் திரும்பிப் பல்லக்கைப் பார்த்தார். மறுபடி கேட்டைப் பார்த்தார். மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

ஒற்றை ஆள் நுழையும் கேட். பல்லக்கோ, தண்டின் இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்குவது. சாய்த்தாலும் போகாது, திருப்பினாலும் போகாது. கீழே இறக்கவும் கூடாது. ஆடி வெயில் மண்டையைப் பிளந்தது. தோள் மாற்ற ஆள் குறைவு.

"யாருப்பா இந்த கிரில்ல போட்டது?" என்று பூசாரி கேட்டார்.

தண்டுக்கு அடியிலிருந்து வெல்டர் சொன்னான். "நாங்கதான்."

அக்கா அவன் முன்னால் வந்து நின்றார். "வருசா வருசம் நீதானப்பா தூக்கியாற. சாமி இந்தப் பக்கந்தான் வரும்னு உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. டிராயிங்ல சாமி இல்லக்கா."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. கம்பெனியில் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதைத்தான், டிராயிங்கில் என்ன இருக்கிறதோ அது மட்டும், சொந்த யோசனை வேண்டாம். உள்ளூர்ப் பட்டறை ஆளாக இருந்திருந்தால் கம்பியை வெட்டும் முன்பே அம்மன் எப்படிப் போவாள் என்று கேட்டிருப்பார். எங்களிடம் கொடுத்ததால் பாதுகாப்பு சாமியையே வெளியே நிறுத்தும் அளவுக்குக் கச்சிதமாக அமைந்துவிட்டது. முதலில் அக்காதான் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கூழ்க் குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள்.

காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. ஓவர்சியரைப் பிடித்துத் தலைவர் பேசினார். அரசு செலவில் போட்டதை வெட்டக் கூடாது, தீர்மானம் வேண்டும் என்று அவர் அந்தப் பக்கம் சொல்வது எங்களுக்கே கேட்டது. அக்கா போனை வாங்கினார். "சார், அம்மன் தோள்ல நிக்கறா. தீர்மானம் அப்பறம் போட்டுக்கலாம். நீங்களே வந்து தோள் குட்த்தீங்கன்னா அதுவரிக்கும் காத்துக்கினு இருக்கோம்." போனை அணைத்துவிட்டு வெல்டரைப் பார்த்தார். "போப்பா. வெட்டு."

அவன் தண்டை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு அறைக்கு ஓடிக் கட்டிங் மெஷினை எடுத்து வந்தான். மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் எடுத்தார்கள். தீப்பொறி அம்மன் பட்டில் படாமல் அக்காவும் இன்னொரு பெண்ணும் நனைத்த சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவன் போட்ட வெல்டிங் அவனையே மதிக்கவில்லை, லேசில் விடுவேனா என்றது. இரும்பு அறுபடும் நேரம் முழுக்க அம்மன் எங்கள் தோளில் இருந்தாள். ராத்திரி முழுக்க நின்ற கால், உறங்காத கண், தோளில் தண்டு. தண்டிலேயே தூங்கிவிடுவேன் என்று நினைத்தேன். அப்போது அக்கா சாக்குக்கு மேலாக என்னைப் பார்த்தார். என் கண் எந்த நிலையில் இருந்ததோ, அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

கிழக்குப் பக்கத்து கிரில் மொத்தமாகச் சாய்ந்தது. உள்ளே போய் நடுக்கல்லில் அம்மனை இறக்கினோம். இறக்கிய கையோடு மீன் தூணில் சாய்ந்தேன், அவ்வளவுதான் ஞாபகம். மேளம், குலவை, படையல், கூழ், எதுவும் தெரியாது. விழித்தபோது தலைக்குக் கீழே மடித்த துண்டு இருந்தது. பக்கத்தில் ஒரு சொம்புக் கூழ், ஈ மொய்க்காமல் இலையால் மூடியிருந்தது. ஊர்க் குழந்தைகள் ஓசைப்படாமல் என்னைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

சுதந்திர தினக் கிராம சபைக்கு ஓவர்சியரே வந்தார். வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்காவிட்டால் ஆடிட்டில் மாட்டும் என்றார். அவர் பயமும் நியாயமானதுதான். அக்கா எழுந்தார்.

"வருசா வருசம் அம்மனுக்காக வெட்டி ஒட்டினு கெடக்க முடியாது சார். கெழக்கால தொறந்தே கெடக்கட்டும். மத்த மூனு பக்கத்தையும் கயட்டி மந்தவெளி வாசல்ல போடுங்க, லாரி உள்ள வராது. உங்க இரும்பு உங்க எஸ்டிமேட்டுக்குள்ளியே இருக்கும்." பிறகு, குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்திருந்த எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "மண்டபத்துக்குக் காவல் வோணும்னு சொன்னீங்களே. பகல் முச்சூடும் அங்க ஆளு படுத்துக்கினுதான் இருந்தாங்க. ஒரு கல்லு பேந்துதா? ஒரு பாட்டில் கெடந்துதா? வழில வரவங்க படுக்கத்தான் இத்த கட்னாங்க. இவங்களும் வழில வந்தவங்கதான். ஓட்டு இல்லன்னா இன்னா, தூக்கம் இருக்காதா?"

இந்த முறை நான் கையைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உயர்ந்த கைகள் எல்லாம் ஊர்க்காரர்களுடையவை. கிரிலை இடம் மாற்றியதாக ஓவர்சியர் எழுதிக்கொண்டார்.

மூன்று பக்க கிரிலையும் கழற்றி மந்தைவெளி வாசலில் வைக்கும் வேலை எங்களுக்கே வந்தது. வெல்டர் இந்தத் தடவை டிராயிங்கைக் கையில் வாங்கியதும் தலைவரைப் பிடித்துக்கொண்டான். இந்தப் பக்கம் தேர் வருமா, கல்யாண ஊர்வலம் வருமா, ஆம்புலன்ஸ் வருமா, ஆடு வருமா என்று கேட்டுத் தீர்த்துவிட்டுத்தான் முதல் பொறியைப் பற்றவைத்தான்.

மாசக் கடைசியில் சூப்பர்வைசர் என் பக்கம் வந்து நின்றார், மெஷினைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், போய்விட்டார். ஐடி கார்டு என் கழுத்திலேயே கிடந்தது. தங்கச்சி இப்போது மதுரையில் நர்ஸ்.

வேலைகள் முடிந்தபோது வழக்கம்போல் ஒரு பளபளப்புக் கல் வைத்தார்கள். தலைவர், மெம்பர்கள், ஒன்றியத்து ஆட்கள், எல்லார் பெயரும் இருந்தது. எங்கள் பெயர் இல்லை, இருக்க நியாயமும் இல்லை. ஆனால் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, ஷிஃப்ட் முடிந்து வந்து துண்டை விரிக்கும்போது, முகப்புத் தூணின் பக்கத்தில் புதிதாக ஒரு தகரப் பலகை நட்டிருந்தது. குப்பை கொட்டாதீர் என்று இருக்கும் என்றுதான் நினைத்தேன். படுத்தபடியே படித்தேன்.

இங்கே பகலில் ஆட்கள் தூங்குகிறார்கள். சத்தம் போடாதீர்கள். இப்படிக்கு, ஊராட்சி மன்றம்.

அதைப் படித்த அன்று மட்டும் எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.